ஏழு நிமிடக் கடல்

றிபாவின் வீட்டுக்குள் கடல் முதன்முதலாக வந்தது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஒக்டோபர் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்துக்கு. கணுக்கால் அளவுக்கு வந்தது, ஏழு நிமிடம் நின்றது, பிறகு வாசல் வழியாக வெளியே போய்விட்டது. அந்த வீடு கடலிலிருந்து ஒரு மைல் தள்ளி, சாய்ந்தமருதின் மேற்கே வயல் ஓரத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த இருபத்திரண்டு வீட்டு வரிசையில் ஒன்பதாவது. அன்று மழை இல்லை, குழாய் எதுவும் உடையவுமில்லை. றிபா தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. அந்த நேரத்தில் அவள் செய்துகொண்டிருந்தது ஒரேயொரு வேலைதான். தன் புருஷன் முத்தலிப் எழுதி வைத்த ஜாவா புரோகிராமை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கான பொதியாகக் கட்டிப் பார்த்தாள். அது கட்டுப்படாமல், பிழை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றிருந்தது.

முத்தலிப் ஆஸ்பத்திரி ஒன்றில் கிளாக்கராக இருந்தவன். இரண்டாயிரத்து இரண்டில் பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டுமென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஓடிவந்த பதினேழு பேரில் ஒருவருக்கும் அந்த வகை இல்லை. அவள் மௌத்தாகி மூன்றாம் நாள்தான், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த தையல்காரருக்கு அதே வகை என்று தெரியவந்தது. அன்றிலிருந்து முத்தலிப் இரண்டு வருடம், வேலை விட்டு வந்த பின்னேரங்களில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினான். யாருக்கு என்ன இரத்தம், எந்தத் தெரு, கடைசியாக எப்போது கொடுத்தார், மறுபடி எந்தத் திகதியிலிருந்து கொடுக்கலாம் என்று அது சொல்லும். எழுதி முடித்ததும் அதன் பிரதியை சீடியில் போட்டு, கொழும்பில் இருந்த புண்ணியமூர்த்திக்குத் தபாலில் அனுப்பினான். புண்ணியமூர்த்தி, பாடசாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இலவசமாகக் கொடுப்பதற்காக லினக்ஸ் பதிப்பொன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரில் மூத்தவர். சீடி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் முத்தலிப், இரத்தம் தரக்கூடியவர்களின் பெயரைப் பதிந்துவர கடற்கரை வீதிக்குப் போனான். அது ஞாயிற்றுக்கிழமை காலை, டிசம்பர் இருபத்தாறு. அலை கொண்டுபோனது, அடக்கம் செய்ய மையித்துக்கூட கிடைக்கவில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் றிபா இத்தா இருந்தாள். கல்முனையில் தன் மாமா வீட்டின் பின்னறையில் வெளியாட்களைப் பார்க்காமல் இருந்த அந்தக் காலத்தில்தான் புண்ணியமூர்த்தி சீடியின் பிரதியைத் திருப்பி அனுப்பியிருந்தார். இது உங்கள் கையில் இருக்க வேண்டியது, தங்கச்சி, என்று ஒரு துண்டில் எழுதியிருந்தார். அவள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள், கொம்பியூட்டரும் ஓரளவு தெரியும். ஜாவா தெரியாது. புருஷன் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தே ஜாவாவைப் படித்தாள். இத்தா முடிந்தபோது, அவன் எங்கே அவசரப்பட்டிருக்கிறான், எங்கே நித்திரை தூங்கிக்கொண்டு எழுதியிருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருடம் கழித்து, அதைப் பொதியாக்கித் தரும்படி புண்ணியமூர்த்தி கேட்டார். பொதியாக்கினால்தான் இணைய வசதி இல்லாத ஆஸ்பத்திரியிலும் ஒரே கட்டளையில் அதை ஏற்றிக்கொள்ள முடியும். அதற்கு ஒரு விதி உண்டு என்றும் எழுதினார். கணினிக்குள்ளேயே கதவடைத்த வெறும் அறை மாதிரி ஓர் இடத்தை உண்டாக்கி, வெளியே யாரிடமும் எதையும் கேட்காமல், முன்கூட்டிச் சொன்ன சாமான்களை மட்டும் வைத்து, புரோகிராம் தன்னைத்தானே கட்டி முடிக்க வேண்டும். றிபாவுக்கு அந்த விதியை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

முதல் பிழை, புரோகிராம் அந்த வெறும் அறையிலிருந்து வெளியே போகப் பார்த்தது. தனக்கு வேண்டிய ஒரு துணைக் கோப்பை இணையத்தில் ஏதோ ஒரு முகவரியில் தேடியது. அந்த முகவரி எப்போதோ இல்லாமல் போயிருந்தது. றிபா அந்தக் கோப்பின் மூலத்தைத் தேடிப் பிடித்து, அதையும் தனியொரு பொதியாகக் கட்டி, உள்ளே கொண்டுபோய் வைக்க மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று கிழமையில் பதினொரு தரம் முயன்றாள், பதினொரு தரமும் கடல் வந்தது. மூன்றாவது தரத்துக்குப் பிறகு கணினியை மேசைமேல் ஏற்றி, மின்சாரச் செருகியை இடுப்பளவு உயரத்துக்கு மாற்றச் சொல்லி ஆள் பிடித்தாள். ஆறாவது தரம் தண்ணீர் வடிந்தபோது சீமெந்துத் தரையில் இடியப்ப உரலின் பித்தளை அச்சு ஒன்று கிடந்தது. அடுத்த வீட்டு ஆமினா உம்மா சத்தம் கேட்டு வந்தவ, அதைக் கையில் எடுத்து, விளிம்பில் இருந்த பிளவைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனா. அவவுடைய பழைய வீடு கடற்கரை வீதியில் இருந்தது. அந்தப் பிளவு மருமகள் கை தவறிப் போட்டு வந்த பிளவு. மருமகள் அந்த ஞாயிற்றுக்கிழமை போனவள்.

அதற்குப் பிறகு வரிசை முழுவதும், றிபா பாடசாலை விட்டு வரும் நேரத்தைப் பார்த்திருந்தது. அவள் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனால் பெண்கள் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு வந்து சுவரோடு சாய்ந்து நிற்பார்கள். பிழை சிறிதென்றால் தண்ணீர் சிறிது, எச்சரிக்கை மட்டுமென்றால் தரை ஈரித்துக் காய்ந்துவிடும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போனது. பெரிய பிழை நவம்பரில் வந்தது. முத்தலிப் ஊர்ப் பெயர்களையும் தெருப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான். அந்த வெறும் அறைக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்தது. நூற்றுப் பதினாலு இடங்களில் பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாகித் திரையில் ஓடியது. அன்று தண்ணீர் முழங்கால் வரை வந்து, மூன்று வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தது. கதவுத் திறப்புக்கொத்து ஒன்று, தறியின் நாடா ஒன்று, எழுதப்படாத அப்பியாசக் கொப்பி ஒன்று. இந்தக் கோப்புகள் இன்ன எழுத்துமுறையில் இருக்கின்றன என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் கேள்விக்குறிகள் பெயர்களாயின. அந்தப் பிழையின் கடலும் அதோடு நின்றது.

அடுத்தது, முத்தலிப் எழுதிய காலத்தில் சாதாரணமாக இருந்த ஒரு சொல்லை, பிறகு வந்த ஜாவா தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தது. அவன் அதை நாற்பது இடத்தில் பெயராக வைத்திருந்தான். நாற்பது இடத்திலும் அவள் மாற்றினாள். மாற்றும் நாட்களில் கல்முனையிலிருந்து செல்லத்தம்பி என்ற மீன்பிடிகாரர், கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்ததால் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பெண்கள் நின்ற பக்கம் பார்க்காமல் வாசலடியில் நின்றார். தண்ணீர் வடிந்தபோது அவர் காலடியில், படகின் வெளியிணைப்பு எஞ்சினின் புரி கழற்றும் சாவி ஒன்று கிடந்தது. மைத்துனனுடையது என்றார். வெளியே போய் வயல் வரம்பில் குந்தியிருந்து, அதைச் சாரத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, மூன்றாவது பஸ்ஸில்தான் போனார்.

வராதது இரண்டு பேருக்கு. ஒருத்தி றிபா. முத்தலிப்பின் பேனையோ, செருப்போ, சட்டைப் பொத்தான் ஒன்றோகூட வரவில்லை. மற்றவள் பதினாலாம் வீட்டு ஹப்ஸா. அவளுக்கு சபூறா என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். சுனாமிக்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம், கடற்கரையில் இருந்த சாச்சி வீட்டில் இரவு நிற்கப்போகிறேன் என்று அடம்பிடித்தாள். ஹப்ஸா முதலில் ஏலாது என்றாள், பிறகு தலையை வாரிவிட்டு அனுப்பிவைத்தாள். வரிசையில் மற்றவர்கள் தண்ணீர் வந்தபின் வருவார்கள். ஹப்ஸா, தண்ணீர் வருவதற்கு முன்பே வந்து, றிபாவின் கதிரைக்குப் பின்னால் நின்று, திரையில் ஓடும் வரிகளை எழுத்துக் கூட்டிப் பார்ப்பாள். ஒன்றும் விளங்காது. கடைசியில் வரும் தோல்வி என்ற சொல்லை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு செருப்பைக் கழற்றுவாள்.

பெப்ரவரியில் ஒரே ஒரு பிழைதான் மிச்சம். புரோகிராம் முழுவதும் கட்டுப்பட்டு, தன்னைத்தானே சரிபார்க்கும் கட்டத்தில் நின்றது. முத்தலிப் அதற்கென்று சில பரீட்சைகளை எழுதி வைத்திருந்தான். இன்னதைக் கொடுத்தால் இன்னது வர வேண்டும், வராவிட்டால் பொதி வேண்டாம். இருபத்தொன்பது பரீட்சை தேறியது, முப்பதாவது தேறவில்லை. றிபா அந்தக் கோப்பைத் திறந்தாள். உதாரணத்துக்கு வேறு யார் பெயரையும் போடாமல் அவன் தன் பெயரையே போட்டிருந்தான். முத்தலிப், ஓ பொசிட்டிவ், கடைசியாகக் கொடுத்தது இரண்டாயிரத்து நாலு ஓகஸ்ட் இருபத்தெட்டு. நூற்றிருபது நாள் கழித்து மறுபடி கொடுக்கலாம். வர வேண்டிய விடை: டிசம்பர் இருபத்தாறு. வந்த விடை: டிசம்பர் இருபத்தைந்து, இரவு பதினொன்றரை. அன்று வந்த தண்ணீர், கதிரையில் இருந்தவளின் இடுப்பளவு. அலையில்லை, சத்தமுமில்லை. றிபா அதற்குள் இருந்தபடியே இருந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நாலு நாள் போதுமாக இருந்தது. முத்தலிப் உயிரோடு இருந்த காலத்தில் இலங்கையின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னே ஓடியது. இரண்டாயிரத்து ஆறு சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் அதை அரை மணித்தியாலம் பின்னே தள்ளி வைத்தது. புரோகிராம், அந்தத் திகதியில் நேரம் எப்படி இருந்தது என்று கேட்காமல், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, பழைய நாட்களையும் இன்றைய கடிகாரத்தால் அளந்தது. அதனால் நள்ளிரவுக்கு அரை மணித்தியாலம் குறைந்துபோய், இருபத்தாறாம் திகதி வரவேயில்லை. எத்தனை தரம் கட்டினாலும் உள்ளே சனிக்கிழமைதான். ஞாயிறு விடியாத அந்தச் சனிக்கிழமையில் முத்தலிப் உயிரோடு இருந்தான். திருத்தம் ஒரே ஒரு வரி. அவள் அதை எழுதினாள், சேமிக்காமல் மூடினாள். ஹப்ஸாவைக் கூப்பிட்டு விபரத்தைச் சொன்னாள். ஹப்ஸா, சனிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

செய்தி வரிசையில் பரவியது. ஆமினா உம்மா நாலைந்து பெண்களோடு வந்து, திருத்த வேண்டாம் என்று கேட்டா. இன்னும் வர வேண்டிய சாமான்கள் இருக்கின்றன என்றார்கள். திருத்திவிட்டு வேண்டுமென்றே இன்னொரு பிழையைப் போட ஏலாதா என்றும் கேட்டார்கள். றிபா அதையும் செய்து பார்த்தாள். ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுக் கட்டினாள். பிழை வந்தது, தரை உலர்ந்து கிடந்தது. பழைய பிரதியை எடுத்து, தீர்த்துவைத்த பிழையோடு கட்டினாள், அதற்கும் வரவில்லை. முத்தலிப் விட்டுப்போன பிழைக்கு மட்டும்தான், அதுவும் தீரும் வரைக்கும்தான் கடல் வந்தது. விஷயத்தைப் பாதி சொல்லி பாதி சொல்லாமல் புண்ணியமூர்த்திக்கு எழுதினாள். அவர், தேறாத பரீட்சையை விட்டுவிட்டுக் கட்டலாம், எல்லாரும் செய்வதுதான், என்று பதில் போட்டார். அப்படிக் கட்டினால் பொதி கிடைத்துவிடும், பழைய திகதி ஒவ்வொன்றும் ஒரு நாள் பிசகும். முத்தலிப் திகதிக்காகவே அதை எழுதினவன் என்று அவள் மறுத்துவிட்டாள். மார்ச் போனது, ஏப்ரலும் போனது. பாடசாலை விட்டு வந்து ஒவ்வொரு நாளும் கட்டினாள், ஒவ்வொரு நாளும் அதே அளவு தண்ணீர். அவள் மெலிந்தாள். வகுப்பில் கரும்பலகையில் திகதி எழுதும்போது இருபத்தைந்து என்று எழுதிவிட்டு அழிப்பாள்.

மே மாதம் வடக்கில் யுத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட காயக்காரர்கள் கிழக்கின் ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கிடப்பட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் ஒவ்வொரு லுஹர் தொழுகைக்குப் பிறகும் இரத்தம் கேட்டன. ஒரு நாள் கேட்டது ஓ நெகட்டிவ். றிபா வகுப்பில் சோக்குக்கட்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள், வீதியில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. பின்னேரம் விசாரித்தாள். ஓடியவர்களில் ஒருவருக்கும் அந்த வகை இருக்கவில்லை. யாருக்காகக் கேட்டார்கள் என்ற பெயரையும் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அந்த வாரம் புண்ணியமூர்த்தி தொலைபேசியில் வந்தார். வியாழக்கிழமை மாலை ஐந்து மணியோடு பதிப்பைப் பூட்டுகிறோம், அதற்குள் கட்டுப்படாதது வெளியே, அடுத்தது இரண்டு வருடத்துக்குப் பிறகு, என்றார். அவர் அவளை அவசரப்படுத்தவில்லை. அந்தப் பதிப்புக்காகக் காத்திருந்த எட்டு ஆஸ்பத்திரிகளின் பெயரை மட்டும் வாசித்தார்.

யுத்தம் முடிந்ததென்று புதன்கிழமை அரசாங்க விடுமுறை விட்டார்கள். இராணுவ முகாம் பக்கம் வெடி கொளுத்தும் சத்தம் காலையிலிருந்தே கேட்டது. வரிசையில் யாரும் வெளியே போகவில்லை, எல்லாரும் றிபாவின் வீட்டில் இருந்தார்கள். இன்று முழுக்கக் கட்டுகிறேன், வர வேண்டியது வரட்டும், என்று அவள் சொல்லியிருந்தாள். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, சோறு தின்னும் நேரம் தவிர, பத்தொன்பது தரம் கட்டினாள். பத்தொன்பது தரமும் அதே முப்பதாவது பரீட்சையில் தோற்றது. பெண்கள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதும், தண்ணீர் போனபின் குனிந்து தேடுவதும், பிறகு மறுபடி நிற்பதுமாக இருந்தார்கள். கோப்பைத் தட்டு வந்தது, கைக்குழந்தையின் வெள்ளி அரைஞாண் வந்தது, தொழுகைப் பாய் ஒன்று மணலோடு சுருண்டு வந்தது. உரியவர்கள் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். பின்னேரம் அசர் பாங்கு சொன்னபோது றிபாவும் ஹப்ஸாவும் மட்டுமே மிச்சம். இருவர் கையிலும் ஒன்றுமில்லை.

இருபதாவது தரத்துக்கு றிபா கையை வைத்தபோது ஹப்ஸா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் புள்ள. நாலரை வருசமா அந்தச் சனிக்கிழமையிலயே குந்திக்கிட்டு இரிக்கிறன். நான் போகாதண்டு சொல்லிக்கிட்டே இரிக்கிறன், அவள் போய்க்கிட்டே இரிக்கிறாள். ஞாயிறு வரட்டும்."

"ஞாயிறு வந்தா ஒண்டும் வராது ராத்தா. உங்கட மகள்ட சாமானும் வராது."

"தெரியும்," என்றாள் ஹப்ஸா. "அவருக்கும் அண்டைக்குத்தானே இரத்தம் குடுக்கிற நாள். குடுக்க விடு."

றிபா அந்த வரியை எழுதினாள். இன்றைய நேரத்தைக் கேட்காதே, அன்றைய நேரத்தைக் கேள், என்பதுதான் அதன் பொருள். சேமித்தாள், கட்டச் சொன்னாள். இரண்டு பேரும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். வரிகள் ஓடின. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பதாவது பரீட்சை தேறியது, டிசம்பர் இருபத்தாறு வந்தது. தரை உலர்ந்தே இருந்தது. ஏழு நிமிடம் அப்படியே நின்றார்கள். எட்டாவது நிமிடம் றிபா தரையில் உட்கார்ந்து, ஒக்டோபரிலிருந்து அழாத அழுகையை அழுதாள். ஒக்டோபரிலிருந்து மட்டுமல்ல. ஹப்ஸா அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, முடிச்சு விழுந்திருந்த கூந்தலை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் றிபா பாடசாலைக்குப் போகும் வழியில், இணைய வசதியிருந்த கல்முனைத் தகவல் நிலையத்தில் இறங்கி, பொதியைக் கொழும்புக்கு அனுப்பினாள். மாலை ஐந்து மணிக்கு முன்பே சேர்ந்துவிட்டது. ஆமினா உம்மா பத்து நாள் அவளோடு கதைக்கவில்லை. பதினோராம் நாள் இடியப்பம் கொண்டுவந்து கொடுத்தா.

ஓகஸ்டில், கடலிலிருந்து இருபத்தைந்து மைல் உள்ளே, சாகாமக் குளத்தையும் தாண்டிப் போகும் வீதியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பதிப்பு வந்தது. அதை இயக்கிக் காட்ட றிபாவைக் கூப்பிட்டார்கள், ஹப்ஸாவும் கூட வந்தாள். சந்திகளில் இப்போது யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை. இரத்தம் எடுக்கும் பகுதியில் ஒரு நீட்டு வாங்கிலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஹப்ஸா தன் பெயரைப் பதியச் சொல்லி, இரத்தமும் கொடுத்துவிட்டு, கையை மடித்துப் பஞ்சை அமர்த்திப் பிடித்தபடி வந்து வாங்கிலில் இருந்தாள். தாதி திரையைப் பார்த்து, அடுத்தது டிசம்பர் ஒன்பது, புதன்கிழமை, அதற்கு முன்னே வரக்கூடாது, என்று சொன்னா. ஹப்ஸா, ஓம் மிஸ், வாறன், என்றாள். அப்போது கணினி மேசைக்கு அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி, உள்ளங்கால் நனையும் அளவுக்குத் தரை முழுவதும் பரவியது. நுரையும் கொஞ்சம் மணலும் இருந்தன, திரையில் பிழை ஒன்றும் இல்லை. றிபா குனிந்து விரலால் தொடப் போனாள், தொடாமல் நிமிர்ந்தாள்.

துப்புரவு வேலை செய்யும் பாலம்மா வாளியும் துடைப்பானுமாக வந்தா. விநாயகபுரத்தில் மூன்று பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் குடிவந்தவ அவ. ஒவ்வொரு நாளும் இப்படியா என்று ஹப்ஸா கேட்டதற்கு, "ஓம், இந்தப் பெட்டி வந்த நாள் தொட்டு," என்று சொல்லிக்கொண்டே துடைப்பானை வாளிக்குள் பிழிந்தா. பிறகு வாங்கிலின் அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கினா.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க," என்றா.

வாங்கிலில் இருந்த எல்லாரும், விட்ட கதையை விட்ட இடத்திலிருந்தே கதைத்துக்கொண்டு, காலைத் தூக்கினார்கள். ஹப்ஸாவும் தூக்கினாள். றிபாவும் தூக்கினாள்.